கோல்ஃப் பந்துக்கு ஏன் அம்மைத் தழும்பு?

செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் எடுத்த பந்தின் படத்தை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “வழவழப்பான பொருள்தானே காற்றில் சுலபமாகப் போகும்? இதற்கு மட்டும் ஏன் அம்மை போட்ட மாதிரி இத்தனை குழி?” இதே கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கையில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர் அது. பல்கலைக்கழகம் 1413ல் வந்தது. கோல்ஃப் எப்போது வந்தது என்று யாருக்கும் தேதி தெரியாது. ஆனால் 1457லேயே, வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு எல்லாரும் இதிலேயே கிடக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்து அரசு தடை போட்டது. தடையை யார் மதித்தார்கள்! இன்று உலகமெங்கும் ஓர் ஆட்டத்துக்கு 18 குழி (பந்தின் மேலுள்ள குழி அல்ல, பந்தைக் கொண்டுபோய் விழவைக்கும் தரைக்குழி) என்றால், இங்குள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் 1764ல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்ததுதான் அதற்கு மூலம்.

பழைய பந்து தோலால் தைத்தது. உள்ளே வேகவைத்த இறகை அமுக்கித் திணிப்பார்கள். ஆலன் ராபர்ட்சன் போன்ற கைதேர்ந்தவர்களே ஒரு நாளில் சிலவற்றைத்தான் செய்ய முடியும், விலையும் அதிகம். 1840களின் கடைசியில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா வந்தது. வெந்நீரில் போட்டால் இளகும், உருட்டினால் பந்து. விஷ்ணு சிலை ஒன்றைப் பொதிந்து வந்த கட்டாபெர்ச்சாவிலிருந்துதான் முதல் பந்து உருண்டது என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, கதையாகவே இருக்கட்டும்.

புதுப் பந்து மலிவு, வழவழப்பு, பார்க்க லட்சணம். ஆனால் அடித்தால் கொஞ்ச தூரத்திலேயே சொத்தென்று விழுந்தது. நாலு நாள் அடி வாங்கி, கீறலும் வெட்டுமாக ஆன பந்துதான் ஒழுங்காகப் பறந்தது. அப்புறமென்ன, புதுப் பந்தைச் சுத்தியலால் கொத்தியே விற்க ஆரம்பித்தார்கள். காரணம் தெரியாமலே கண்டுபிடித்த மருந்து இது. இன்று நாம் பார்க்கும் குழிகளுக்கு வில்லியம் டெய்லர் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை கேட்டது 1905ல்.

காரணத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பறக்கும் பந்தைக் காற்று இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று உராய்வு, பந்துக்கு அது சில்லறைக் கணக்கு. பெரிய வில்லன் பின்னால் இருக்கிறான். வேகமாகப் போகும் பேருந்தின் பின்னால் புழுதியும் காகிதமும் சுழன்றுகொண்டே வருமே, அந்த மாதிரி ஒரு கலங்கல் வால் பந்துக்குப் பின்னாலும் இருக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு, முன்னால் அழுத்தம் அதிகம். பந்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலத்தான். வால் எவ்வளவு அகலமோ, இழுப்பும் அவ்வளவு.

சரி, வாலின் அகலத்தை எது தீர்மானிக்கிறது? பந்தின் மேல் ஒட்டியபடி வழுக்கிச் செல்லும் மெல்லிய காற்றுப் படலம். 1904ல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல் கவனித்துச் சொன்னது இது. படலம் பந்தின் முன்பக்கத்தில் நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இடுப்பைத் தாண்டியதும் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. காற்றுக்கு அது மேடு. உராய்ந்து உராய்ந்து வேகம் இழந்த படலத்துக்கு மேடேறத் தெம்பில்லை, பந்தை விட்டுக் கழன்றுவிடுகிறது. வழவழப்பான பந்தில் கிட்டத்தட்ட இடுப்பிலேயே கழன்றுவிடும். ஆக, பந்து அகலத்துக்கு வால்.

குழி என்ன செய்கிறது? அமைதியாக வரும் படலத்தைத் தடுக்கிவிட்டுக் கொந்தளிக்க வைக்கிறது. கொந்தளிக்கும் படலம் சும்மா குழம்புவதில்லை. மேலே வேகமாக ஓடும் காற்றை அள்ளிக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. களைத்துப்போன அடிப்படலத்துக்குப் புதுத் தெம்பு கிடைத்து, இன்னும் கொஞ்ச தூரம் மேடேறிவிடுகிறது. கழலும் இடம் பின்னால் தள்ளிப்போகிறது, வால் ஒடுங்குகிறது. உராய்வு சற்றுக் கூடும்தான். ஆனால் மொத்த இழுப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 1914ல் பிராண்டல் ஒரு வழவழப்பான கோளத்தின் மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை மாட்டியே இதைக் காட்டினார். ஒரு கம்பி! கிரிக்கெட் பந்தின் தையல் செய்வதும் இதைத்தான், ஒரு பக்கத்துக்கு மட்டும். அதனால்தான் பந்து அந்தப் பக்கம் வளைகிறது.

இதோடு முடியவில்லை. நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில், பத்தரை டிகிரி ஏற்றத்தில் பந்தை அடித்தால், காற்றே இல்லாத இடத்தில் அது சுமார் 205 மீட்டரில் விழ வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு, போட்டுப் பாருங்கள். நிஜத்தில் தேர்ந்த ஆட்டக்காரரின் பந்து 250 மீட்டரைத் தாண்டுகிறது. தடுக்கும் காற்று எப்படித் தூரத்தைக் கூட்டும்?

இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டவர் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். விடுமுறை என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸில்தான் இருப்பார். ராத்திரியில் ஆட, பந்தில் ஒளிரும் பூச்சைப் பூசிப் பார்த்த ஆசாமி. பந்தில் நீள நாடாவைக் கட்டி அடிக்கச் சொல்லி, நாடா எத்தனை முறுக்கு விழுந்தது என்று எண்ணிச் சுழற்சியை அளந்தார். அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அதன் மேல்புறம் காற்றின் போக்கிலேயே நகர்வதால் படலம் அங்கே தாமதமாகக் கழல்கிறது, அடியில் சீக்கிரம். வால் கீழ்நோக்கிச் சாய்கிறது. காற்று கீழே தள்ளப்பட, பந்து மேலே தூக்கப்படுகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. வழவழப்பான பந்தில், சில வேகங்களில், இதே சுழற்சி பந்தைக் கீழே அமுக்கவும் செய்யும். குழி இருந்தால்தான் தூக்கல் நம்பகமாகக் கிடைக்கிறது.

‘விளையாட்டுப் பந்தின் பாதை’ என்று இன்று ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் போட்டால் குழு சிரித்து அனுப்பிவிடும் என்பது என் எண்ணம். நாடா வாங்க எவ்வளவு ஆகிவிடும்?

அறுநூறு வயதுப் பல்கலைக்கழகம் என்பதால் அந்த ஊரில் எல்லாமே அறிவியல் என்று நினைத்துவிட வேண்டாம். 1528ல் எரித்துக் கொல்லப்பட்ட மதச் சீர்திருத்தவாதி பேட்ரிக் ஹாமில்டனின் முதலெழுத்துகள் தெருவில் பதித்திருக்கின்றன. மிதித்தால் தேர்வில் கோட்டை விடுவோம் என்று மாணவர்கள் இன்றும் சுற்றிப் போகிறார்கள். மிதித்துவிட்டால் பரிகாரமும் உண்டு: மே 1 விடியலில் கடலில் முழுக்கு. இயற்பியல் மாணவர்களும் முழுகுகிறார்கள். மே மாத வட கடலின் குளிருக்கு அது தண்டனைதான்.

டெய்டின் மகன் ஃப்ரெடி 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் கோல்ஃப் பட்டம் வென்றவர். அப்பாவுக்கு அந்த அளவு கை வரவில்லை. சுழற்சி என்றாலே பிழை என்று சொல்லிக்கொடுத்ததை நம்பி, சுழலாமல் அடிக்கவே அவர் பயிற்சி எடுத்திருந்தார். கணக்குப் போட்டு முடித்த பிறகு, புரிய முப்பத்தைந்து வருடம் தாமதமாகிவிட்டது என்று எழுதி வைத்தார்.