ஆக்சிஜன் பற்றாக்குறையும் சிறுநீரகத்தின் தற்காப்பும்

உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்களுக்கு, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. இவ்வளவு ரத்தம் பாயும் உறுப்புக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு வரும் என்றால் நம்புவது கடினம்தான். ஆனால் ரத்த அழுத்தம் சரியும்போதும், கடும் நோய்த்தொற்றின்போதும், பெரிய இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எளிதில் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது. இதுவே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு.

சிறுநீரகத்துக்குள் ரத்தம் பங்கிடப்படும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். வடிகட்டும் வேலை வெளிப்பகுதியான புறணியில் நடப்பதால் பெரும்பகுதி ரத்தம் அங்கேயே சுற்றுகிறது. உட்பகுதியான அகணிக்குப் பத்தில் ஒரு பங்களவே கிடைக்கிறது. அங்கே கீழிறங்கும் ரத்தக் குழாயும் மேலேறும் குழாயும் ஒட்டியபடி ஓடுகின்றன. அதனால் ஆக்சிஜனில் ஒரு பகுதி ஆழத்தை எட்டாமலே குறுக்கே கசிந்து திரும்பிவிடுகிறது. சிறுநீரைச் செறிவாக்க இந்த அமைப்பு இல்லாமல் முடியாது. விளைவு, புறணியில் சுமார் 50 மி.மீ. பாதரசமாக இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் அகணியில் 10 முதல் 20 வரைதான். முழு ஆரோக்கியத்தில் இருப்பவருக்கும் இதே நிலைதான்.

வேலையோ குறைவில்லை. நாளொன்றுக்கு வடிகட்டப்படும் சுமார் 180 லிட்டர் நீரில் 99 சதவீதத்தை நுண்குழல்கள் மீட்டெடுக்கின்றன; சோடியத்தை உள்ளிழுக்கும் பம்புகள் இதற்காக ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கின்றன. கூடுதல் ரத்தத்தை அனுப்பினால் தீராதா என்று கேட்கலாம். ரத்தம் கூடினால் வடிகட்டுவதும் கூடும், மீட்க வேண்டிய உப்பும் கூடும், ஆக்சிஜன் செலவும் கூடும். வேறெந்த உறுப்புக்கும் இப்படியொரு சிக்கல் இருப்பதாகத் தோன்றவில்லை. நுண்குழலின் முதல் பகுதியான அண்மைக் குழலின் கடைசிப் பகுதி அகணியின் விளிம்பில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. எனவே ரத்தம் தடைபட்டால் முதலில் மடிவது அந்தச் செல்கள்தான்.

உடல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. செல்களில் ஹிஃப் என்ற புரதம் எந்நேரமும் உற்பத்தியாகிறது, உடனுக்குடன் அழிக்கப்படவும் செய்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், அதைப் பயன்படுத்தி ஒரு நொதி ஹிஃப் மீது வேதிக் குறியிடுகிறது. குறி விழுந்த புரதம் சில நிமிடங்களில் சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் குறியிட முடியாது. ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் புரதங்கள் பெருகும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் செலவு அடங்கும், புதிய ரத்தக் குழாய்களுக்கான சமிக்ஞை புறப்படும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். தேடல் தொடங்கியதே ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனிலிருந்துதான்.

அப்படியானால் ஹிஃப் இருந்தும் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது? மரபணுவை இயக்கிப் புரதம் தயாரிக்க மணிக்கணக்கில் ஆகும். ஆற்றல் வற்றிய செல்லுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ரத்தம் திரும்பியதும் ஆக்சிஜனும் திரும்புகிறது, ஹிஃப் மீண்டும் அழிகிறது. ஆனால் அந்த நேரத்தில்தான் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் அழற்சியும் இரண்டாவது தாக்குதலைத் தொடங்குகின்றன.

குறியிடும் நொதியை மருந்தால் முன்கூட்டியே தடுத்து, ஹிஃப் அளவை உயர்த்தி வைத்த எலிகளில் ரத்தத் தடையால் வரும் சேதம் குறைந்தது. சேதம் நிகழ்ந்த பிறகு கொடுத்தால் அதே அளவு பலன் இல்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழிந்து பற்றாக்குறை நீடிக்கும் சிறுநீரகத்தில், ஓயாமல் இயங்கும் ஹிஃப் தழும்பு போன்ற நார்த்திசு வளரவும் துணைபோகலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, எப்போது தூண்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதன் குணம் மாறுகிறது.

ரோக்சாடுஸ்டாட், டாப்ரோடுஸ்டாட் போன்ற மருந்துகள் இந்த நொதியைத்தான் தடுக்கின்றன. நாள்பட்ட சிறுநீரக நோயால் வரும் ரத்தசோகைக்கு அவை சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. திடீர்ப் பாதிப்பைத் தடுக்க அவற்றைக் கொடுப்பது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நோய்த்தொற்றோ ரத்த அழுத்தச் சரிவோ முன்னறிவித்து வருவதில்லை. அறுவை சிகிச்சைக்கு மட்டுமே நாள் குறிக்க முடியும். ஆகவே மருத்துவர்கள் ரத்த அழுத்தத்தையும் உடலின் நீர்ச்சமநிலையையும் காப்பதிலும், சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளைத் தவிர்ப்பதிலுமே முதல் கவனம் வைக்கிறார்கள்.