கப்பலைப் பார்ப்பதற்கு முன் வீட்டு ஆட்களை எண்ணுங்கள்

“சார், சிங்கப்பூர் குரூஸ் மூணு நைட், ஆளுக்கு முப்பதாயிரம்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. நீங்க எவ்வளவுக்குக் குடுப்பீங்க?”

திருச்சியில் இருக்கும் என் பயண அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். நான் விலை சொல்வதில்லை. “யார் யாரெல்லாம் வர்றீங்க?” என்று கேட்பேன். சிலருக்குக் கோபம்கூட வரும், விலை கேட்டால் குடும்ப விவரம் கேட்கிறானே என்று. ஆனால் கப்பல் பயணத்தில் சண்டையாகி நின்ற குடும்பங்களை நினைத்துப் பார்த்தால், ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே அந்தக் கேள்வியைக் கேட்காமல் டிக்கெட் எடுத்த குடும்பங்கள்தான்.

கைக்குழந்தை இருக்கிறதா? பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றமாட்டார்கள். தொடர்ந்து பல நாள் கரையே தொடாத பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் யாராவது உண்டாகியிருக்கிறார்களா? பயணம் முடியும் நாளில் 24 வாரம் ஆகிவிடும் என்றால் ஏறவிடமாட்டார்கள். டாக்டர் சான்றிதழ் கொண்டுபோனாலும் சரி. கிளம்பும் நாளை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. டிக்கெட் எடுக்கும்போது எட்டு வாரமாக இருந்தவர், கப்பல் புறப்படும்போது எங்கே இருப்பார் என்று காலண்டரில் எண்ணிப் பாருங்கள்.

அப்பத்தாவுக்கு முழங்கால் வலியா? அப்படியானால் நால்வர் தங்கும் கேபின் சரிப்படாது. விளம்பரத்தில் ‘நால்வர் அறை’ என்று இருக்கும். இரண்டு படுக்கை கீழே, மற்ற இரண்டும் பல கப்பல்களில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குத் திண்டாட்டம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் எல்லோரும் ஒரே அறையைக் கேட்பார்கள். எதிரெதிரே இரண்டு உள்ளறைகள் எடுத்தால் விலை எவ்வளவு கூடுகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். குளியலறையும் இரண்டாகக் கிடைக்கும்.

உள்ளறை என்றால் ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றுதான். மூச்சு முட்டுகிற மாதிரி உணர்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜன்னல் அறையாவது வேண்டும். விலை மலிவான ஜன்னல் அறை என்றால் ‘மறைப்பு உண்டா’ என்று கேளுங்கள், ஏனென்றால் சில ஜன்னல்களில் கடலுக்குப் பதில் உயிர்காப்புப் படகின் முதுகுதான் தெரியும். வயிறு குமட்டும் ஆட்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையே நல்லது. ஊஞ்சலின் நுனியில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறையைத் தவிருங்கள். விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் ஆரம்பித்துவிடும். ‘கேரண்டி’ அறை என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம், எந்த இடம் என்பது அவர்கள் முடிவு. இளம் ஜோடிக்கு அது போதும், அப்பத்தாவோடு போகிறவர்களுக்கு வேண்டாம்.

பலரும் கேட்கக் கூச்சப்படுகிற ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல்களில் கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது. பெட்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி இது. முன்னெழுத்தோடு வாழ்கிற சமூகம் நாம். பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், தம்பிக்கு அதே கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், மனைவிக்குக் கணவர் பெயர் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. ஆளாளுக்குத் தோன்றியபடி நிரப்பினால் விமான டிக்கெட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், கப்பலில் ஒரு பெயர் என்று மூன்று மனிதர்கள் உருவாகிவிடுவார்கள். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றபடி பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதுவே எல்லா இடத்திலும் இருக்கட்டும். குளிர்காலத்தில் துபாயிலிருந்து கிளம்பும் கப்பல்களைப் பலர் கேட்கிறார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு கப்பலைப் பாருங்கள்.

விசாவில்தான் நான் அதிகம் கண்ணீர் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள், அது முதல் நுழைவு. கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகக் குடியேற்றத் துறையினர் பதிந்துவிடுகிறார்கள். கப்பல் திரும்பிவந்ததும் மறுபடி நுழைகிறீர்கள், அது இரண்டாவது. ஆக, பலமுறை நுழையும் விசா வேண்டும். பலருக்கு அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறை நுழையும் விசாவும் வருவதுண்டு. கைக்கு வந்த காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் கோப்பில் செருகிவிட்டு வந்த ஒரு தம்பதியரை, மெரினா பே கப்பல் முனையத்தின் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வேறிடத்தில் டிக்கெட் எடுத்தவர்கள். வரிசையில் எங்கள் குழுவுக்கு முன்னால் நின்றார்கள். கட்டிய பணம் திரும்பாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோப்பை நானே வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருக்கிறது, தாய்லாந்தும் அதே சமயத்தில் கதவைத் திறந்தது. இவை கால வரையறையோடு வரும் சலுகைகள். கிளம்பும் மாதத்தில் மறுபடி பாருங்கள். “நாங்க கீழ இறங்கவே மாட்டோம், கப்பல்லயே இருந்துக்கிறோம்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வழியில் நிற்கும் நாட்டுக்கு விசா வேண்டுமென்றால், இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அது இல்லாமல் பல கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது அல்ல, மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்த முப்பதாயிரத்துக்கு வருவோம். இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம் அது. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து டிப்ஸ். நம் ஊரில் தட்டில் சில்லறை வைப்பது போல இஷ்டப்பட்டால் கொடுப்பது அல்ல. பல நிறுவனங்களில் தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் குடும்பத்துக்கு மூன்று இரவில் 216 டாலர் போய்விடும். வைஃபை தனி. சாப்பாடு உண்டு, ஆனால் சில உணவகங்கள் தனிக்கட்டணம். குளிர்பானத்துக்கும் பெரும்பாலும் காசு. மதுவுக்கான பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் இன்னொரு பெரியவரும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற விதி பல கப்பல்களில் இருக்கிறது. ஒருவர் மட்டும் குடிக்கிற வீட்டில் இது எப்படிப் போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மேலே விமானம், ஓர் இரவு ஓட்டல், விசா, காப்பீடு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். விகிதம் அடிக்கடி மாறுகிறது. அது செலவல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டும் நாளில் கையில் பணம் இருக்க வேண்டும். முழுப்பணமும் பல நிறுவனங்களில் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாள் முன்பே கட்டியாக வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு போகும், விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும், இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டுங்கள். யாரோ ஒருவருடைய கைபேசி எண்ணுக்கு ஜிபே செய்யாதீர்கள். கப்பல் நிறுவனம் தரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்கள் இணையதளத்தில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். என்னிடம் எடுத்தாலும் இதைச் செய்யுங்கள், நான் வருத்தப்படமாட்டேன்.

எந்த மாதம்? சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் வருகிறது. அப்போது விலை ஏறும். நம் பிள்ளைகளுக்கு மே மாதமே விடுமுறை என்பதால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடலையும் பாருங்கள். மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, பினாங்கு வழி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வியட்நாம் பக்கம் போகும் பயணம் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றில் ஆடும். சென்னையிலிருந்தும் 2022 ஜூனில் ஒரு சுற்றுலாக் கப்பல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடற்கரை கொந்தளிக்கும் மாதங்களில்தான் அந்தக் கப்பல் மும்பையைவிட்டு நம் பக்கம் வந்தது. முதல்முறை கடலில் போக அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்வது பினாங்குதான். கப்பல் ஜார்ஜ் டவுன் நகரின் வாசலிலேயே நிற்கிறது. நடந்தே லிட்டில் இந்தியா போய், 1833-ல் எழுந்த குயின் தெரு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுத் திரும்பிவிடலாம். இதற்குக் கப்பலில் சுற்றுலா டிக்கெட் வாங்குவது வீண். கோலாலம்பூர் அப்படியல்ல. போர்ட் கிளாங்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், வழியில் நெரிசல். பத்துமலை முருகனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்தில் போங்கள். அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் வாடகைக் காருக்குக் காத்திருக்காது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நின்று, சிறு படகில் ஆட்களை இறக்குகின்றன. சக்கர நாற்காலி ஆட்களுக்கு அது சிரமம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது, கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பலோ தன் நேரத்தையே வைத்திருக்கலாம். கரையில் கப்பல் நேரத்தைக் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தில் போய் இறங்கும் திட்டத்தை நான் போட்டுத் தருவதில்லை. முதல் நாளே போய்விட வேண்டும். அந்த ஓட்டல் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் திருச்சி விமானம் மூன்று மணி நேரம் தாமதமான கதைகளைச் சொல்வேன், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

பெட்டி கட்டும்போது இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் மூன்றையும் வெளியே எடுத்துவையுங்கள். கப்பலில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், தீ பயம். கசகசா கலந்த பொடி எதுவும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஏறும்போது கொடுக்கும் பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாத உணவு என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். ஏறியதும் கைபேசியை ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றுங்கள். நடுக்கடலில் அது தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொள்ளும். ‘நல்லா வந்து சேர்ந்தோம்’ என்று மகளிடம் பேசிய ஒரு பெரியவருக்கு ஊர் திரும்பியதும் வந்த பில், அவருடைய விமான டிக்கெட்டுக்குச் சமமாக இருந்தது.

பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள், போங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகள் பலர் பயிற்சியே பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ முடித்தாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

கடைசி இரவு பெட்டிகளைச் சீட்டு ஒட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அடுத்த நாள் முனையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். காலையில் போட்டுக்கொள்ளும் துணியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று குழுவினரிடம் இரண்டு முறை சொல்கிறேன். போன வருடம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், சட்டை பேண்ட் அத்தனையையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டி, பத்து மணிக்கெல்லாம் வாசலில் வைத்துவிட்டார். மறுநாள் காலை கட்டம் போட்ட லுங்கியும் பனியனும் தோளில் துண்டுமாகக் குடியேற்ற வரிசையில் நின்றார். கவுண்டரில் தமிழ்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஆளைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீங்களா ஐயா?” என்று மட்டும் கேட்டார்.