காதைத் தொட்டால் இருமல் வருவது ஏன்?

காதுக்குள் கருவியை விட்டதும் சிலர் லொக் லொக்கென்று இருமுவார்கள். "சளியே இல்லையே டாக்டர்" என்று குழம்புவார்கள். சளி இல்லைதான். மூளையின் அடியிலிருந்து கிளம்பும் வேகஸ் நரம்பு தொண்டை, நுரையீரல், இதயம், இரைப்பை என்று நெடுந்தூரம் போகிறது. அதன் சின்னக் கிளை ஒன்று காதுத் துளையின் தோலுக்கும் வருகிறது. அங்கே உரசினால், தொண்டையில் ஏதோ சிக்கியதாக மூளை எடுத்துக்கொள்கிறது. மீனுக்குச் செவுளாக வளரும் அதே வளைவுகளிலிருந்துதான் கருவில் நமக்குக் காதும் குரல்வளையும் உருவாகின்றன. பழைய வீட்டை இடிக்காமல் மாடி மேல் மாடி கட்டினால் ஒயரிங் இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும்.

இருமலால் கெடுதல் இல்லை. இருமல் வரும் அளவுக்கு உள்ளே எதை விடுகிறோம் என்பதுதான் என் கவலை. பட்ஸ், ஹேர்பின், சாவி, தீக்குச்சி... எல்லாம் பார்த்தாயிற்று.

குறும்பி அழுக்கு அல்ல. வியர்வைச் சுரப்பியின் உறவுக்காரச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சேர்ந்து தயாரிக்கும் காவல் பூச்சு அது. லேசான அமிலத்தன்மை உண்டு, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைமும் உண்டு. ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள துளையில் வெளிப்பக்கம் மட்டும்தான் அது சுரக்கிறது. செவிப்பறையை ஒட்டி அடைத்திருந்தால் பெரும்பாலும் யாரோ உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்! துளையின் தோல் நகம் வளரும் வேகத்தில் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மெல்லும்போது தாடையும் அசைகிறது. குறும்பி தானாக வெளியே வந்துவிடும்.

சிலருக்கு அது பிசுபிசுப்பாகவும் சிலருக்கு உலர்ந்தும் இருக்கும். ஏபிசிசி11 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வரும் வித்தியாசம் இது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டுபிடித்தார்கள். அக்குள் வாடையிலும் அதே மரபணுவுக்குப் பங்கு உண்டு.

சரி, என்ன செய்யலாம்? காது மடலைத் துண்டால் துடைத்தால் போதும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்னக் கீறலில் பற்றும் கிருமிகூட எலும்பு வரை பரவலாம்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குறும்பி என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். உள்காது பாதிக்கப்பட்டிருந்தால் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைதான் பலன் தரும். அப்புறம், குழந்தையின் காதில் பட்டன் பேட்டரி போய்விட்டால் சொட்டு மருந்து எதுவும் ஊற்றாமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். ஈரம் பட்டால் அது சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.