எந்தக் காலேஜ் என்பதற்கு முன்னால், எந்த வழியில் சீட்?

மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்குகிற கவுன்சலிங் சமயத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதற்காக எங்கள் ஊர் நூலகத்தில் நாலைந்து பேர் உட்காருவோம். போன ஜூலையில் ஒரு அப்பா வந்தார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கட்-ஆஃப் 164. மே மாதமே ஒரு கன்சல்டன்சிகாரர் வீடு தேடி வந்து, "இப்பவே புக் பண்ணலேன்னா சீட் போயிடும்" என்று சொல்லி, ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில், கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்கிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டிருக்கிறார். 60,000 ரூபாய் கட்டியாயிற்று. அசல் சான்றிதழ்கள் எல்லாம் கல்லூரி பீரோவில்.

"ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தர்றோம்னு சொன்னாங்க சார். அதுக்கு எந்த ஃபாரம் எழுதணும்?"

எந்த ஃபாரமும் கிடையாது. அந்தப் பெண் கவுன்சலிங் வழியாக வந்திருந்தால் அதே கல்லூரியில், அதே பெஞ்சில், நாலு வருஷமும் கட்டணம் இல்லாமல் படித்திருக்கலாம். கவுன்சலிங் பதிவு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. நான் அதைச் சொன்னதும் அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கல்லூரிப் பெயரே இல்லை, ஏதோ அறக்கட்டளைப் பெயர்தான் இருந்தது.

லேப் இருக்கிறதா, பிளேஸ்மென்ட் எப்படி, பஸ் வருமா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். சீட் எந்த வாசல் வழியாக வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் பெரிய சலுகைகள் அந்த வாசலைப் பார்த்துத்தான் வருகின்றன.

பின்னணி சுருக்கமாக. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021-லிருந்து தனியாக ஒதுக்கப்படுகிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், கவுன்சலிங்கில் தொழிற்படிப்புக்குச் சேருகிறவருக்குக் கல்விக் கட்டணத்தில் கழிவு. 2010-லிருந்து இருக்கிறது. மூன்றாவது, மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரிலிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து.

முதல் இரண்டும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, ஏனென்றால் அவர்கள் இந்தக் கவுன்சலிங்குக்குள்ளேயே வருவதில்லை. டிவியில் பெரிய விளம்பரம் வருகிற "யுனிவர்சிட்டி" என்றால் முதலில் இதைக் கேளுங்கள்: தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் உங்களுக்கு நாலு இலக்கக் கோடு எண் உண்டா? எண்ணைச் சொல்லாமல் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தால் வெளியே வந்துவிடலாம். பி.ஏ., பி.எஸ்சி. சேருகிறவர்களுக்கும் இந்த இரண்டும் கிடையாது. அது தெரியாமல் ஜூன் மாத வெயிலில் முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். சொல்வதில்லை.

இனி 7.5-இல் வழுக்குகிற இடங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது. ஒவ்வொரு வருஷமும் கண்ணீரோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் இதில் மாட்டியவர்கள்தான். பாடநூல் இலவசம், சைக்கிள் கொடுத்தார்கள், ஃபீஸ் வாங்கவில்லை, அதனால் அரசுப் பள்ளி என்றே பன்னிரண்டு வரை நினைத்திருப்பார்கள். பள்ளிப் பெயர்ப் பலகையையும் டிசியையும் எடுத்துப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை இவற்றின் பள்ளிகள் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளி வராது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் ஏழு வருஷமும்தான். ஆறாம் வகுப்பு மட்டும் மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு ஃபீஸ் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். விலக்கு ஒன்று உண்டு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தகுதி உண்டு. அப்போது எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தீர்கள் என்று அந்தத் தனியார் பள்ளி எழுதித்தர வேண்டும். அவர்கள் இழுத்தடிப்பார்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே போய் நில்லுங்கள்.

இரண்டு மூன்று அரசுப் பள்ளிகளில் படித்திருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் ஒரு வருஷம் காணாமல் போயிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பள்ளியிலேயே கேட்டு, ஏழு வருஷமும் வரிசையாக இருக்கிறதா என்று திரையில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார். "பழைய எச்.எம். கையெழுத்துதான் வேணும்" என்று யாராவது சொன்னால் ஓட வேண்டாம். இப்போது பொறுப்பில் இருப்பவர் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.

சேர்ந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. "ட்யூஷன் ஃபீஸ்தான் கவர்ன்மென்ட் தரும், மத்ததைக் கட்டுங்க" என்று கேஷ் கவுன்ட்டரில் சொல்வார்கள். எந்தத் தலைப்பில், எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதித் தொகை தானாகக் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பட்டதாரி சான்றிதழ் இதைவிடப் பெரிய அலைச்சல்.

இதற்கு வருமான வரம்பு இல்லை. சாதிக் கட்டுப்பாடு இல்லை. "வருமானச் சான்று வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா தம்பி தங்கை, இவர்களில் யாராவது பட்டதாரியா? அக்கா பட்டம் வாங்கியிருந்தால் உங்களுக்கு இல்லை. அண்ணன் இதே சலுகையில் இப்போது படித்துக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு இல்லை. வீட்டுக்கு ஒருவர். ஆகவே இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவர் கவுன்சலிங்கில் சேரும்போதே யோசிக்க வேண்டும்: அவர் வேறு சலுகையில் வர முடியும், அவர் பட்டம் வாங்குவதற்குள் சின்னவரும் சேர்ந்துவிடுவார் என்றால், இதைச் சின்னவருக்கு விட்டுவைக்கலாமா? டிப்ளமோ பட்டமாகாது. பாலிடெக்னிக் முடித்த அண்ணனைக் காட்டி மறுத்தால் வாதாடுங்கள்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். கட்டணம் 60 ரூபாய். 200 கேட்கிற இடத்தில் ரசீது கேளுங்கள். முக்கியமாக, செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். மையத்துக்காரர் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. விஏஓ ஒரு சந்தேகம் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார், அந்தக் குறுஞ்செய்தி மையத்துக்காரர் போனில் ஆயிரம் செய்திகளுக்கு நடுவே கிடக்கும், நீங்கள் "இன்னும் ப்ராசஸ்ல இருக்கு" என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். விண்ணப்ப எண்ணை வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். எந்த மேசையில் நிற்கிறதோ அங்கே போய்க் கேட்டால் போதும். மூன்று இடத்துக்கும் சேர்ந்து அலைய வேண்டியதில்லை.

ஒரு மாணவனிடம், "தாத்தா டிகிரி படிக்கலேங்கறதுக்கு ப்ரூஃப் கொண்டா" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். தாத்தா அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். விவசாயக் கூலி. பட்டம் வாங்காததற்கு உலகத்தில் எந்த ஆபீஸ் சான்று கொடுக்கும்? பையன் பாவம், தாத்தா படித்த திண்ணைப் பள்ளி எங்கே இருந்தது என்று கிழவிகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தான். இதற்கு விண்ணப்பத்தோடு வைக்கிற சுய உறுதிமொழிதான் வழி. இறப்புச் சான்று இருந்தால் கூட வையுங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களின் டிசி அல்லது மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துப் பதிவேற்றிவிட்டால், திருப்பி அனுப்ப அவர்களுக்குக் காரணம் குறையும்.

சான்றிதழ் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். அதற்கு மேல் தாலுகா ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிவரச் சொல்கிற கல்லூரிக்கு, க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து காட்டுங்கள். மாணவரும் பெற்றோரும் சேர்ந்து போடும் உறுதிமொழிப் படிவத்தையும் கவுன்சலிங் விண்ணப்பத்தில் ஏற்ற மறக்காதீர்கள். சான்றிதழ் இருந்தும் அந்த ஒரு தாள் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. கழிவு படிப்பு முடியும்வரைக்கும். இரண்டாம் வருஷம் அலுவலகத்தில் புதிதாக வந்தவர் முழுத் தொகையைக் கேட்டால் முதல் வருஷ ரசீதை நீட்டுங்கள்.

மாதம் 1,000 ரூபாய்க்குக் கவுன்சலிங் வாசல் தேவையில்லை. பள்ளிதான் கணக்கு: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. 7.5-இல் கதவடைத்தவர்கள் இங்கே கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் வரும். தொலைநிலைக் கல்வி வராது. வெளிமாநிலக் கல்லூரியும் வராது. வருமான வரம்பு இல்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அதனால் கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று முதல் வாரமே பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வராததற்கு நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் வங்கிக் கணக்குதான். ஒரு மாணவி ஏழு மாதம் "எனக்கு மட்டும் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கேட்டால் அனுப்பியாயிற்று என்கிறார்கள். வங்கியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கடைசியில் ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். அவள் கேள்விப்படாத ஒரு கணக்கு. எப்போதோ சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வைக்கச் சொன்னாராம். ஏழாயிரமும் அங்கே பத்திரமாக இருந்தது. அரசுப் பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருப்பது போதாது. "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதாரை இணைத்துக்கொடுங்கள்" என்று வங்கியில் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் மதிப்பெண் பட்டியலில் பின்னாலும் இருந்தால் அதையும் சேருவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் படிக்கும்போது வகுப்பை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டிவரும். கல்லூரி கைவிரித்தால் உதவி எண் 14417, அல்லது முதல்வரின் உதவி மையம் 1100.

மறுபடி அந்த அப்பாவிடம் வருகிறேன், ஏனென்றால் அவருக்கு இன்னொரு பொய்யும் சொல்லியிருந்தார்கள்: சேர்ந்துவிட்டு விலகினால் பணமும் வராது, சான்றிதழும் வராது.

அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு, அசலைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. விலகுகிறவருக்குப் பணம் திருப்பித் தருவதற்கும் அதிலேயே கணக்கு இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகை, அதில் செயலாக்கக் கட்டணமாக அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம், அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆனால் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் இதைவிட நல்ல தேதி அறிவிப்பார்கள். 2024–25இல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம். அதனால் கல்லூரியில், "எம்.டி. சார் வெளியூர் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்றால் அவர்கள் நாளைக் கடத்துகிறார்கள் என்று அர்த்தம். வாய்ப்பேச்சு வேண்டாம். விலகல் கடிதத்தை அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலிருந்துதான் எண்ணப்படும். "நன்கொடை" என்ற ரசீதைக் கண்டு பயப்பட வேண்டாம், கட்டாய நன்கொடைக்குத் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ரசீதே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

அவர் கடிதம் அனுப்பினார். நாலாம் நாள் கல்லூரியிலிருந்து போன். "எதுக்கு சார் தபால் எல்லாம், நேர்ல வந்திருக்கலாமே" என்று அன்பாகக் கேட்டார்களாம். நேரில் அவர் ஏற்கெனவே ஐந்து முறை போயிருந்தார். சான்றிதழ்கள் அன்றைக்கே வந்தன, பணம் இரண்டு தவணையில் வந்தது. பெண் அரசுக் கலைக் கல்லூரியில் மீதமிருந்த இடத்தில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எந்த வங்கிக்கு வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிட்டோம்.