வறட்சியை எப்படி அளப்பது? கோப்பென் காலநிலை வகைப்பாடு

ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெறும் ஓர் ஊரை வறண்ட ஊர் எனலாமா? அங்கே எவ்வளவு வெயில் அடிக்கிறது, எந்தப் பருவத்தில் மழை பெய்கிறது என்று தெரியாமல் இதற்கு விடை கூற இயலாது. உலகின் காலநிலை மண்டலங்களைப் பிரிப்பதற்கு இன்றும் பரவலாகக் கையாளப்படும் கோப்பென் வகைப்பாடு இக்கேள்வியை மிக நுட்பமாகக் கையாள்கிறது.

ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய விளாதிமிர் கோப்பென் (1846–1940) வானிலை ஆய்வாளர், தாவரவியலும் பயின்றவர். ஓரிடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆண்டு முழுவதும் தாங்கி நிற்பவை தாவரங்களே என்பதால், காடும் புல்வெளியும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்து, அந்த எல்லைகளுக்குப் பொருந்தும் வெப்ப, மழை அளவுகளை அவர் தேடினார். 1900-இல் வெளியிட்ட வகைப்பாட்டைப் பின்னர் பலமுறை தாமே திருத்தினார். அவருக்குப் பின் ஜெர்மானியக் காலநிலை ஆய்வாளர் ருடால்ஃப் கைகர் அதைச் செப்பனிட்டார்.

ஐந்து பெரும்பிரிவுகளில் நான்கை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத இடங்கள் 'ஏ', அதாவது வெப்பமண்டலம்; மிக வெப்பமான மாதமும் 10 டிகிரியை எட்டாத இடங்கள் 'ஈ'. அந்த 10 டிகிரிக் கோடு, துருவப் பக்கம் மரங்கள் வளர்வது நின்றுபோகும் எல்லையோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. இடைப்பட்டவற்றில், குளிர்மாதச் சராசரி -3 டிகிரிக்கு மேலிருந்தால் 'சி', கீழிருந்தால் 'டி'.

எஞ்சிய 'பி' வறண்ட நிலங்களுக்கு உரியது. கோப்பெனின் நுண்ணறிவு முழுமையாக வெளிப்படுவது இங்கேதான் என்பேன். ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20-ஆல் பெருக்கி, மழையில் 70 விழுக்காடு கோடை அரையாண்டில் பெய்தால் 280-ஐயும், குளிர் அரையாண்டில் பெய்தால் சுழியத்தையும், இரண்டும் இல்லையென்றால் 140-ஐயும் கூட்டினால் வருவதே மில்லிமீட்டரில் வறட்சி எல்லை. கோடையில் பெய்யும் நீர் விரைவில் ஆவியாகிவிடுவதால்தான் அதற்கு இவ்வளவு கூடுதல். மழையளவு இவ்வெல்லைக்குக் குறைந்தால் வறண்ட புல்வெளி, அதில் பாதியையும் எட்டாவிட்டால் பாலைவனம். அதே 400 மில்லிமீட்டர், சராசரி 5 டிகிரி உள்ள ஊரில் ஆண்டு முழுதும் பரவிப் பெய்தால் எல்லை 240 மட்டுமே. அங்கே மரங்கள் வளரும். சராசரி 28 டிகிரி உள்ள ஊரில் கோடையில் பெய்தாலோ எல்லை 840, பாதி 420. அந்த ஊர் பாலைவனக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சென்னையின் சராசரி சுமார் 29 டிகிரி; எந்த அரையாண்டின் மழையும் 70 விழுக்காட்டை எட்டாததால் எல்லை 720. ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதால் அது 'பி'யில் சேராமல் 'ஏ'யில் நிற்கிறது. வெப்பமண்டலத்தின் பெரும்பகுதியில் குளிர்காலமே வறண்டிருக்க, தமிழகக் கடற்கரையும் கிழக்கிலங்கையும் வடகிழக்குப் பருவமழையால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைவதால், கோடை வறண்ட வெப்பமண்டலம் என்ற அரிய உட்பிரிவில் இவை இடம்பெறுகின்றன.