சைக்கிளை மாற்றும் முன் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா மவுண்டன் பைக் பாதையில் கொஞ்ச காலம் ஓட்டிக் கை பழகியவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “அண்ணே, ஃபோர்க்கை மட்டும் நல்லதா மாத்திக் கொடுத்துடுங்க, மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம்.” ஆசை நியாயமானதுதான். ஃபோர்க் என்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. தொடக்கநிலை சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க், வேரும் கல்லும் மாறி மாறி வரும் இறக்கத்தில் மணிக்கட்டை உலுக்கி எடுத்துவிடும். ஆனால் நான் முதலில் ஃபோர்க்கைப் பார்ப்பதில்லை. சீட்டுக்குக் கீழே நிற்கும் சீட் ட்யூபிலோ, முன்னிருந்து பெடல் பக்கம் சரிந்திறங்கும் டவுன் ட்யூபின் அடியிலோ ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைத்தான் தேடுவேன்.

அதில் 1 முதல் 5 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். எவ்வளவு கடுமையான ஓட்டத்துக்காகச் சைக்கிள் செய்யப்பட்டது என்று சொல்லும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற வகைப்பாடு அது. 2 என்றால் சரளைப் பாதைக்கும் நன்றாகப் பராமரிக்கப்பட்ட மண் பாதைக்கும் போதும், எம்பிக் குதிக்கும் உயரம் 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 3 என்றால் சுமார் 60 செ.மீ., 4 என்றால் சுமார் 120 செ.மீ. எல்லா நிறுவனங்களும் இதை ஒட்டுவதில்லை, ஒட்டாதவர்கள் பலர் கையேட்டில் போட்டிருப்பார்கள், அந்தக் கையேட்டைத்தான் யாரும் பிரிப்பதே இல்லை.

தடித்த டயர், டிஸ்க் பிரேக் எல்லாம் வைத்துப் பார்வைக்கு மவுண்டன் பைக் போலவே விற்கப்படும் பலவும் 2-ஆம் வகைதான். அதைக் கொண்டுபோய் புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் பூங்காவின் கருப்பு வைரக் குறியிட்ட கடினமான பாதையில் இறக்குகிறார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் வெல்டிங்குக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கம், காய்ந்த சேற்றைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மயிரிழை அளவுக்கு பெயிண்ட் பிளந்திருந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால், பிளந்தது பெயிண்டா அலுமினியமா என்று யாராவது பார்த்துச் சொல்லும்வரை அந்த சைக்கிளில் ஏறாதீர்கள். அது ஓடும்போது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

சரி, ஃபிரேம் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். விலை குறைந்த ஃபிரேம்கள் பலவற்றுக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனுள்ள 28.6 மி.மீ. ஸ்டீரர்தான் (ஹெட் ட்யூபுக்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல்தண்டு) பொருந்தும், இன்றைய நல்ல ஏர் (காற்றழுத்த) ஃபோர்க்குகளோ கீழே ஏறக்குறைய 40 மி.மீ. வரை விரிந்துதான் வருகின்றன. முன் சக்கர ஆக்சிலும் வேறு என்பதால் சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். எப்படியோ பொருத்தினாலும், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கு வடிவமைத்த ஃபிரேமில் 140 மி.மீ. ஃபோர்க் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹெட் ட்யூபில் நெம்புவிசை கூடும், உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும். கூட்டிப் பார்த்தால் புது சைக்கிளின் பாதி விலை ஆகிவிடுகிறது. இந்த வேலையை நான் இப்போது செய்வதே இல்லை, வருமானம் போனாலும் பரவாயில்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? இங்குள்ள பாதைகள் குட்டையானவை, புக்கிட் தீமா ஒரு சுற்றே சுமார் 6 கி.மீ.தான், அதற்கு 160 மி.மீ. ஃபோர்க் உள்ள எண்டூரோ சைக்கிளை (கடும் இறக்கங்களுக்கான வகை) ஏறும் இடமெல்லாம் சுமக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வளரும் நிலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு 120 முதல் 140 மி.மீ. ஃபோர்க் உள்ள நல்ல ஹார்ட்டெய்ல் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) போதும் என்பதே என் கருத்து. கீழ்ப்பக்கம் விரிந்த ஹெட் ட்யூப், முன்னும் பின்னும் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் நடுவே முழுதும் ஊடுருவும் தண்டு), 66 டிகிரியை ஒட்டிய ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூபின் சாய்வு), டிராப்பர் போஸ்ட்டுக்கு (ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் தண்டு) உள்வழிக் கேபிள். இவை பெரும்பாலும் ஃபிரேமோடு வருபவை, பிறகு காசு கொடுத்தாலும் எளிதில் மாற்ற முடியாது. டிரெய்லியரை (கியர் மாற்றும் கருவி) எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டயரையும் அப்படியே. கியர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள், முன்னால் ஒரே பல்சக்கரம் இருப்பதுதான் இப்போது வழக்கம்.

பின்பக்கமும் அதிர்வைத் தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பராமரிப்புச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும், பின் ஷாக்குக்கும் பின்பக்க மூட்டுகளிலுள்ள பிவட் பேரிங்குகளுக்கும் தனியாக ஆகும். பழையது வாங்கப் போனால் சீட்டைப் பிடித்து லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே கையில் ‘டக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது, மாற்றுச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.