சிக்ஸ் பேக் – அறுகட்டு

மதுரை செல்லூரில் எங்கள் தெருமுனையில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஐயா, சிக்ஸ் பேக்குக்குத் தமிழில் என்ன சொல்?" 'கட்டுடல்' என்று உடனே சொல்லிவிட்டேன். "அது முழு உடம்புக்கும் ஆயிற்றே, வயிற்றுக்கு மட்டும் என்ன?" என்றான். அவன் கேள்வி நியாயமானது. விடை தேட எனக்குச் சில நாட்கள் ஆயின.

சிக்ஸ் பேக் முதலில் உடம்பைக் குறித்த சொல்லே அன்று. ஆறு குப்பிகளை ஒன்றாக அடுக்கி விற்கும் கட்டுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. கோகோ கோலா நிறுவனம் 1923-இல் ஆறு பாட்டில்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கியது. பீர் டின்களும் பின்னர் அப்படியே வந்தன. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் நிற்கும் டின்களைப் போல வயிற்றில் தசை மேடுகள் தெரிந்ததால், கடைப் பொட்டலத்தின் பெயர் மனித உடம்பில் ஏறிக்கொண்டது. தமிழ்நாட்டில் இச்சொல்லைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது சினிமா. 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்துக்காகச் சூர்யா உடம்பைச் செதுக்கிக்கொண்ட பிறகு, இந்தச் சொல்லை அறியாத இளைஞரே இல்லை என்னும் நிலை வந்தது.

தசையின் கதை வேறு. நெஞ்செலும்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை, நடுக்கோட்டின் இருபுறமும் நேராக இறங்கும் தசை அது. லத்தீனில் ரெக்டஸ் அப்டோமினிஸ் என்பார்கள். 'ரெக்டஸ்' என்றால் நேர். வயிற்று நேர்த்தசை என்று நாம் சொல்லலாம். அதன் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள்தான் தசையைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. இந்தப் பட்டைகள் எத்தனை, எங்கே என்பது பிறவியிலேயே அமைவது. ஆகவே ஒருவருக்கு நான்கு மேடு தெரியும், ஒருவருக்கு ஆறு, இன்னொருவருக்கு எட்டு. பயிற்சி தசையைத் தடிக்கச் செய்யும், உணவுக் கட்டுப்பாடு மேலே படிந்த கொழுப்பைக் குறைக்கும். ஆனால் எண்ணிக்கையை எதுவும் மாற்றாது. 'எனக்கு ஆறு வரவில்லையே' என்று பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது. அவர்களை வாட்டுவது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்.

நம்மிடம் பழைய சொல் ஏன் இல்லை? சங்கப் பாடல்கள் வீரனின் மார்பையும் தோளையும் பாடின. மார்புக்கு 'அகலம்' என்றே ஒரு பெயர் உண்டு. பரந்து விரிவதுதான் ஆண்மைக்கு அழகு. முழங்காலைத் தொடும் நீண்ட கைக்கும் பாட்டு உண்டு. ஆணின் வயிற்றைத் தனியே வியக்கும் வழக்கம் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் கைகூப்பி நிற்கும் திருமலை நாயக்கர் சிலையைப் பாருங்கள்: 1623 முதல் 1659 வரை ஆண்ட மன்னருக்குச் சிற்பி தொந்தியோடுதான் உருக் கொடுத்திருக்கிறார். அன்று அது செல்வத்தின் பொலிவு. ஊர்ப்பக்கம் இளவட்டக்கல்லைத் தூக்கியவனையும் தோளும் தொடையும் பார்த்துத்தான் மதித்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கட்டுமஸ்தான' என்பதில் பாதி பாரசீகம். அது வயிற்றைக் குறிப்பதும் இல்லை. 'ஆறு மடிப்பு' கூடவே கூடாது, வயிற்றில் மடிப்பு என்றால் நமக்குச் சதை மடிப்புத்தான் நினைவுக்கு வரும். 'கட்டுவயிறு' என்று நானே ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' வளர்த்த பிள்ளை என்று வறுமையைச் சொல்லும் வழக்கு உடனே குறுக்கே வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

மீதம் இருப்பது 'கட்டு'. வெற்றிலைக் கட்டு, விறகுக் கட்டு என்னும்போது அது பொட்டலம், அதாவது ஆங்கிலத்தின் பேக். 'கட்டுக் குலையாத உடம்பு' என்னும்போது அதுவே இறுக்கம். மூலச் சொல்லில் இல்லாத இரண்டாம் பொருளும் தமிழில் கூடவே கிடைக்கிறது. ஆறு என்பது பிற சொல்லோடு சேரும்போது அறு ஆகும்: அறுசுவை, அறுமுகம். முதல் படைவீடான திருப்பரங்குன்றமும் ஆறாவதான பழமுதிர்சோலையும் பக்கத்திலேயே இருக்க, அறுபடை வீடு என்று சொல்லிப் பழகிய மதுரைக்காரர் நாவுக்கு 'அறுகட்டு' அந்நியமாக ஒலிக்காது. 'அறுகட்டு வயிறு', 'அவருக்கு அறுகட்டு தெரிகிறது' என்று எழுதலாம். எண் மாறினால் சொல்லும் மாறும்: நான்கென்றால் நாற்கட்டு, எட்டென்றால் எண்கட்டு.

விடை கிடைத்த மறுநாள் அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். கண்ணாடி முன் நின்று மெதுவாக எண்ணிப் பார்த்தான். "எனக்கு நாற்கட்டு, ஐயா" என்றான்.